சிறு குழந்தையின் கையில் கேமரா: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்கு வயது முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோரும், பகல் முழுவதும் பேரக் குழந்தைகளுடன் வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிகளும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எந்தக் கேமராவை வாங்குவது என்பதுதான் பெரும்பாலானோரின் முதல் கேள்வி. குழந்தை எடுத்த படத்தை வீட்டில் யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு என்ன கேட்கிறார்கள் என்பதே அதைவிடப் பெரிய கேள்வி என்று நான் கருதுவதால், அந்தப் பகுதிக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

எந்த வயதில் கேமராவைக் கையில் கொடுக்கலாம்?

பொத்தானை அழுத்தியதும் திரையில் தோன்றுவது, தான் சற்றுமுன் பார்த்த பொருள்தான் என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்கினால் போதும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது மூன்றரை, நான்கு வயதுக்குள் புரிந்துவிடுகிறது. சிறுவர் கையில் கேமரா என்பது கைபேசிக் காலத்துப் புதுமையும் அன்று. 1900இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 'பிரௌனி' என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலர் விலைக்குக் கொண்டுவந்தபோது, சிறுவர்களும் இயக்கலாம் என்று சொல்லித்தான் அதை விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சில் ழாக் ஆன்றி லார்த்திக் என்ற சிறுவனுக்கு அவனுடைய தந்தை ஒரு கேமராவைக் கொடுத்தார். 1894இல் பிறந்த அந்தச் சிறுவன், தன் வீட்டாரும் உறவினரும் குதிப்பதையும் ஓடுவதையும் வண்டிகளில் விரைவதையும் எடுத்துத் தள்ளினான். 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. குழந்தைப் பருவத்தில் எடுத்த படங்களை அந்த வீட்டார் 'விளையாட்டுப் படங்கள்' என்று தூக்கி எறியாமல் இருந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி.

புதுக் கேமரா வாங்க வேண்டுமா? பழைய கைபேசி போதுமா?

தொடக்கத்துக்குப் பழைய கைபேசி தாராளமாகப் போதும். சிம் அட்டையை எடுத்துவிடுங்கள். விமானப் பயன்முறையில் வையுங்கள். விளையாட்டுகளையும் காணொளிச் செயலிகளையும் நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் 'ஆப் பின்னிங்' என்றும் ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்' என்றும் ஒரு வசதி உண்டு; அதை இயக்கினால் குழந்தையால் கேமராச் செயலியை விட்டு வெளியே போக முடியாது. பல கைபேசிகளில் ஒலியளவுப் பொத்தானை அழுத்தியும் படம் எடுக்கலாம் என்பதைக் கற்றுக்கொடுங்கள். சிறு விரல்களுக்குத் திரையில் இருக்கும் வட்டத்தைத் தொடுவதைவிட இது எளிது; கைபேசியை இரு கைகளாலும் பிடிக்கும் பழக்கமும் இதனால் தானாக வந்துவிடும்.

இருந்தாலும் கைபேசியில் ஒரு குறை இருக்கிறது. அது வீட்டில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பயன்படும் பொருள் என்பதால், 'இது என் கேமரா' என்ற உரிமையுணர்வு குழந்தைக்கு எளிதில் வருவதில்லை. அலமாரியில் கிடக்கும் பழைய கையடக்க டிஜிட்டல் கேமரா இன்னும் வேலை செய்தால், என் பரிந்துரை அதுதான். உண்மையான ஜூம், தொட்டு உணரத்தக்க பொத்தான்கள், மணிக்கட்டில் மாட்டும் வார் எல்லாம் அதில் இருக்கும். படம் எடுப்பதைத் தவிர வேறு வேலை அதற்கு இல்லை. 4×6 அங்குல அச்சுக்கு, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டாலும், ஏறத்தாழ 2 மெகாபிக்சல் போதும். ஆகவே பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கேமரா என்று ஒதுக்க வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது, அதற்குரிய மின்கலமும் மின்னேற்றியும் இப்போது கிடைக்கின்றனவா என்பதைத்தான்.

இணையக் கடைகளில் முயல், பூனை வடிவங்களில் விற்கப்படும் குழந்தைக் கேமராக்கள் கீழே விழுந்தாலும் தாங்கும். அது ஒன்றே அவற்றின் பெருமை. பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் மெகாபிக்சல் எண், பெரும்பாலும் சிறிய உணரி (ஒளியைப் படமாக்கும் சென்சார்) தரும் படத்தை மென்பொருள் ஊதிப் பெருக்கிக் காட்டும் எண்ணாகவே இருக்கிறது. அவற்றில் பலவற்றுள் விளையாட்டுகளும் சேர்ந்தே வருகின்றன. இரண்டு நாளில் குழந்தை படம் எடுப்பதை விட்டுவிட்டு விளையாட்டில் அமர்ந்துவிட்டால் குறை குழந்தையிடம் இல்லை.

லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமராவைப் பத்து வயதுக்கு முன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. அதன் எடையும், 'பார்த்து, பார்த்து!' என்று பெரியவர்கள் ஓயாமல் கத்துவதும் சேர்ந்து குழந்தையை அதன் அருகிலேயே வரவிடாமல் செய்துவிடும்.

உடனே அச்சாகி வெளிவரும் இன்ஸ்டன்ட் கேமரா நல்லதா?

செலவைத் தாங்க முடிந்தால் மிக நல்லது. ஃபியூஜிஃபில்ம் நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸ் மினி வகையில் ஒரு பெட்டியில் 10 படங்கள் இருக்கும்; ஒவ்வொரு படமும் 62×46 மில்லிமீட்டர் அளவுதான். பத்தே படங்கள் என்றால் குழந்தை பொத்தானை அழுத்தும் முன் யோசிக்கும். வெள்ளைத்தாளில் உருவம் மெல்ல மெல்லத் தெளிவதைப் பார்க்கும் வியப்பும் உண்டு. படம் வேகமாகத் தெளியட்டும் என்று தாளை உதறத் தேவையில்லை, அதனால் பயனும் இல்லை. விலை அதிகம் என்பதால் 'வீணாக்காதே' என்ற சொல் வாயில் வந்துவிடுமானால் வாங்காமல் இருப்பதே மேல். பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி, முழுப்பரீட்சை விடுமுறைக்கு ஒரு பெட்டி என்று வரையறுத்துவிட்டு, அந்தப் பத்துப் படங்களும் சுவரையும் செருப்பையும் காட்டினாலும் எதுவும் சொல்லாமல் இருக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

எடுக்கும் படங்களில் பாதி மங்கல். மீதியில் தலை இல்லை. திருத்த வேண்டாமா?

முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தையின் கண் எதிரே இருப்பது பெரியவர்களின் முகம் அன்று. முழங்கால், புடவை மடிப்பு, மேசையின் அடிப்பகுதி, நாற்காலிக் கால்களுக்கு இடையே உறங்கும் பூனை ஆகியவைதான். குழந்தை எடுத்த படத்தில் பாட்டியின் தலை வெட்டுப்பட்டிருந்தால், பாட்டியின் கையிலிருந்த முறுக்குத்தான் அங்கே படத்தின் பொருளாக இருந்திருக்கலாம். நம் உயரத்திலிருந்து பார்த்து அதைப் பிழை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் கை நடுங்குவது அன்று, வெளிச்சக் குறைவுதான். வீட்டுக்குள் ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் கேமரா ஒளித்திறப்பை நெடுநேரம் திறந்து வைக்கிறது. அந்த இடைவெளியில் எதிரே இருப்பவர் அசைந்தாலே உருவம் இழுபட்டுவிடும். ஓடுபவரை உறைந்தாற்போல் எடுக்க ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் தேவை என்றால், அறைக்குள் கேமரா எடுத்துக்கொள்ளும் நேரம் முப்பதில் ஒரு பங்காக இருக்கலாம். 'ஆடாமல் பிடி' என்று குழந்தையை அதட்டுவதைவிட 'வா, வாசலில் போய் எடுக்கலாம்' என்று அழைப்பது பலன் தரும். லென்ஸில் படிந்திருக்கும் விரல் ரேகையும் எண்ணெயும் இன்னொரு காரணம். மென்மையான பருத்தித் துணியால் துடைத்த பிறகு எடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திவிடலாம்.

படத்தைக் காட்டும்போது என்ன சொல்வது? 'சூப்பர்' என்று சொன்னால் போதாதா?

போதாது. எல்லாப் படத்துக்கும் 'சூப்பர்' என்று சொன்னால், நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்பதைக் குழந்தை ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிடும். பாராட்டைவிடக் குழந்தைக்குத் தேவை பேச்சுத் துணை. 'இதில் என்ன நடக்கிறது?', 'இதை எடுக்கும்போது நீ எங்கே நின்றாய்?', 'இந்த மூலையில் சிவப்பாகத் தெரிகிறதே, அது என்ன?', 'இதற்கு அடுத்து என்ன நடந்தது?' என்பன போன்ற கேள்விகள், படத்துக்குள் இருப்பதைச் சொல்லாக மாற்ற உதவும். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளும், கூச்ச சுபாவமுள்ள குழந்தைகளும் தாம் எடுத்த படத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எதிர்பாராத அளவுக்கு நீளமான வாக்கியங்களைச் சொல்வது உண்டு. அமெரிக்கக் கலைஞர் வெண்டி எவால்ட் 1970களில் கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதிக் குழந்தைகளிடம் கேமராக்களைக் கொடுத்து, அவர்களுடைய குடும்பத்தையும் கனவுகளையும் படமெடுக்கச் செய்தார். குழந்தைகளின் படங்களுடன் அவர்களுடைய சொற்களும் சேர்ந்தே அந்தப் பணியில் இடம்பெற்றன. இந்த வழியை வீட்டிலும் பின்பற்றலாம். வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துப் படங்களைப் பெரிய திரையில் ஓடவிட்டு, குழந்தையையே ஐந்து படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் குழந்தை சொல்லும் ஒரு வரியை, அது சொன்னபடியே, இலக்கணம் திருத்தாமல், தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உங்களுக்குப் பிடித்த படத்தைக் குழந்தை ஒதுக்கிவிட்டு, ஒன்றுமே தெரியாத கறுப்புப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அது 'கரண்ட் போனப்போ எடுத்தது' என்பது பிறகுதான் தெரியவரும். தேர்வு குழந்தையுடையதாகவே இருக்கட்டும். 'எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் தாத்தாவின் நிழல் அவரைவிடப் பெரிதாக இருக்கிறது' என்று உங்கள் விருப்பத்தைத் தனியாக, காரணத்தோடு சொல்லுங்கள். எதைப் பார்த்து ரசிக்கிறீர்கள் என்பதை இப்படிச் சொல்வதே குழந்தைக்கு நீங்கள் நடத்தும் முதல் வகுப்பு.

ஒரே நாளில் முந்நூறு படங்கள் எடுக்கிறதே, கட்டுப்படுத்தலாமா?

முதல் மாதத்தில் எடுக்கட்டும். அதன்பிறகு தடைபோடாமல் விளையாட்டாக மாற்றலாம்: 'இன்று பன்னிரண்டு படங்கள் மட்டும்' என்று ஒருநாள் பந்தயம் வையுங்கள். மற்ற நாட்களில் கட்டுப்பாடு வேண்டாம்.

ஒளியைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேமரா இல்லாமலேயே தொடங்கலாம். நடுப்பகலில் மரத்தடியில் தரையில் விழும் ஒளி வட்டங்களைக் காட்டுங்கள். இலைகளுக்கு இடையே உள்ள சந்துகள் கோணல்மாணலாக இருந்தும் தரையில் விழுபவை வட்டமாக இருப்பதற்குக் காரணம், அவை ஒவ்வொன்றும் சூரியனின் உருவம் என்பதுதான். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாகக் கங்கண சூரிய கிரகணம் கடந்து சென்றபோது, அந்த வட்டங்கள் பிறைகளாகவும் வளையங்களாகவும் மாறின. ஒரு சிறு துளை போதும், ஒளி தானே படம் வரைந்துவிடும் என்பதை இதைவிட எளிதாகக் குழந்தைக்கு விளக்க வழியில்லை.

அடுத்த படி, ஓர் அறையையே கேமராவாக மாற்றுவது. வெயில் விழும் தெருவைப் பார்த்த சன்னலைக் கறுப்பு அட்டையால் முழுவதும் மூடி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் விட்டு, கதவிடுக்கிலும் வெளிச்சம் வராமல் துணி செருகுங்கள். இருட்டுக்குக் கண் பழக ஐந்து நிமிடம் காத்திருந்தால், எதிர்ச்சுவரில் தெருவும் மரமும் போகிற ஆட்டோவும் தலைகீழாகத் தெரியும். மேலிருந்து வரும் ஒளி துளை வழியாக நேர்கோட்டில் கீழே போய் விழுகிறது, கீழிருந்து வருவது மேலே போகிறது என்பதை ஒரு நூலைப் பிடித்துக் காட்டினால் ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

பிறகு கேமராவோடு ஒரு பயிற்சி. ஒரே வேப்பமரத்தையோ, ஒரே மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியையோ காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஐந்தரைக்கும், ஒரே இடத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நண்பகலில் நம் ஊர் வெயில் கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழவைப்பதையும், மாலை வெயில் சுவரின் சொரசொரப்பைக்கூடக் காட்டுவதையும் குழந்தையே கண்டுபிடிக்கும். முகத்தை எடுக்க நம் வீடுகளில் நல்ல இடம் திண்ணை, தாழ்வாரம், சன்னலோரம் ஆகியவைதான்: வெயில் நேராகப் படாது, வெளிச்சத்துக்கும் குறைவிருக்காது.

மூன்றில் ஒரு பங்கு விதி (படத்தை நீளத்திலும் அகலத்திலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளின் மேல் வைப்பது) போன்றவற்றை எப்போது கற்றுக்கொடுக்கலாம்?

எட்டு, ஒன்பது வயதில், குழந்தை கேட்டால். அதற்கு முன் 'இன்னும் கிட்டே போ', 'குனிந்து எடு', 'பின்னால் என்ன இருக்கிறது பார்' என்ற மூன்றுமே போதும்.

வீட்டிலும் தெருவிலும் செய்யக்கூடிய பயிற்சிகள் என்னென்ன?

எழுத்து வேட்டை எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ் எழுத்துகளைப் பொருள்களில் தேடி எடுக்க வேண்டும்: படிக்கட்டில் 'ட', கதவு நிலையைத் தலைகீழாகப் பார்த்தால் 'ப', அடுப்புக்குக் கூட்டிய மூன்று கற்களில் 'ஃ'. எழுத்துப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு இரட்டைப் பயன். 'ழ' கிடைப்பதுதான் கடினம். கிடைத்துவிட்டால் வீடே கொண்டாட வேண்டும்.

நீளமான ஒன்றைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது இன்னொன்று. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை இணைத்துப் பத்தொன்பது அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். உங்கள் தெருவின் ஒரு பக்கத்துச் சுவர் முழுவதையும், இரண்டிரண்டு அடி நகர்ந்து, ஒரே தூரத்தில் நின்று எடுக்கச் சொல்லி, அச்சிட்டு ஒட்டிப் பாருங்கள். சுவரொட்டி, காய்ந்த சாணம், கட்சிக்கொடி, தூங்கும் நாய் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

கேமராவே இல்லாத படமும் உண்டு. சயனோடைப் எனப்படும் நீலப்பட முறையை ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தார். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இம்முறையில் பதிவு செய்யத் தொடங்கினார். இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் வேப்பிலையையோ முருங்கைக் கொத்தையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் சில நிமிடம் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடம் கருநீலமாகவும் இலை மறைத்த இடம் வெள்ளையாகவும் நிற்கும். முன்பே பூசிய தாள் விற்பனைக்குக் கிடைக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அதுவே நல்லது. வேதிப்பொருளைக் கலந்து பூசுவதானால் பெரியவர்கள் கையுறை அணிந்து செய்ய வேண்டும்.

கேமராவும் திரைநேரம்தானே? எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டே இருந்தால் எதையும் நேரில் அனுபவிக்காமல் போய்விடாதா?

காணொளியை வெறித்துப் பார்ப்பதும், எதை எடுக்கலாம் என்று தெருவைத் துழாவுவதும் ஒரே கணக்கில் வரா. ஆயினும் கேள்வியின் இரண்டாம் பாதியில் உண்மை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்த கல்லூரி மாணவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு என்றாலும் நமக்கு ஒரு வழி காட்டுகிறது: யானையை எடுக்காதே, யானையின் காதோரத்தை எடு. திருவிழாவிலும் திருமணத்திலும் அரை மணி நேரம் படம், பிறகு கேமரா பைக்குள் என்று முதலிலேயே பேசிக்கொண்டு போவதும் உதவும்.

போட்டிகளுக்கு அனுப்பலாமா? வகுப்பில் சேர்க்கலாமா?

பத்து வயதுக்கு முன் போட்டியைத் தவிர்க்கச் சொல்வேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் நடத்திய புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், வண்ணப் பேனாவால் வரைவதில் இயல்பாகவே நாட்டமிருந்த மழலைப்பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாள் கழித்து, பரிசேதும் இல்லாத நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. எனவே 'பத்துப் படம் எடுத்தால் ஐஸ்கிரீம்' என்ற பேரத்தையும் விட்டுவிடுங்கள். வகுப்பைவிடக் கண்காட்சி நல்லது. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற எண்ணத்தில் 2016இல் தொடங்கிய புகைப்பட விழா 'சென்னை போட்டோ பியனாலே'. அது நடக்கும்போது குழந்தையை அழைத்துச் சென்று, பெரியவர்கள் எடுத்த படங்களிலும் மங்கலும் வெட்டுப்பட்ட தலையும் இருப்பதைக் காட்டலாம்.

மற்றவர்களைப் படமெடுப்பது பற்றி என்ன சொல்லித்தர வேண்டும்?

கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே. 'அக்கா, உங்களை ஒரு போட்டோ எடுக்கட்டுமா?' என்று பூக்காரம்மாவிடமோ இஸ்திரி வண்டிக்காரரிடமோ குழந்தை கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். எடுத்ததும் படத்தைத் திருப்பிக் காட்டுவதும், முடிந்தால் ஓர் அச்சுப்படியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அந்தச் சம்மதத்துக்குச் செய்யும் மரியாதை. வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல் நகர்ந்துவிட வேண்டும். மூன்று பேராக நின்று படமெடுத்துக்கொள்ளக் கூடாது என்று நம்பும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் குழந்தையை வைத்து வாதம் செய்ய வேண்டியதில்லை, நான்காவதாக ஒருவரைக் கூப்பிட்டால் முடிந்தது.

அழுபவரை, குளிப்பவரை, உடை மாற்றுபவரை, நோயாளியை, தெருவில் உறங்குபவரை எடுக்கக் கூடாது. இதே விதி உங்களுக்கும் பொருந்தும். குழந்தை 'என்னை இப்போது எடுக்காதே' என்று சொல்லும்போது நீங்கள் கேமராவைக் கீழே வைத்தால்தான், பிறர் மறுக்கும்போது அதுவும் கேமராவைக் கீழே வைக்கும்.

எங்கெல்லாம் எடுக்க முடியாது?

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்குமாறு அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் போன்றவற்றில் வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாமல்லபுரம் போன்ற திறந்தவெளிச் சின்னங்களில் இந்தச் சிக்கல் இல்லை. வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைந்திருக்கும். ஆனால் எங்கே கூடு கண்டாலும் ஃபிளாஷ் போடுவதும், கிளையை விலக்கி நெருங்குவதும் கூடாது.

குழந்தை எடுத்த படங்களைச் சமூக ஊடகத்தில் பகிரலாமா?

குழந்தையின் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டாம். இன்ஸ்டாகிராமின் சொந்த விதியே 13 வயது என்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. உங்கள் கணக்கில் பகிர்வதானாலும் குழந்தையிடம் கேட்டுவிட்டே பகிருங்கள். பள்ளிச் சீருடை, பெயர் அட்டை, வீட்டு எண், வேன் நிற்கும் இடம் ஆகியவை பின்னணியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழந்தை எடுக்கும் படங்களில் இவை நம் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத செய்தியும் படத்துக்குள் இருக்கிறது. இடக்குறிப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கோப்பிலேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்குகிறது, அந்தக் குறிப்பும் போய்விடுகிறது. அச்சுக்கடைக்கு முழுத் தரத்தில் வேண்டும் என்று ஆவணமாக அனுப்பினால் குறிப்பும் கூடவே போகும். கேமராச் செயலியின் அமைப்பிலேயே அந்த வசதியை அணைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை.

ஃபில்டர்களையும் அழகூட்டும் வசதியையும் பயன்படுத்தலாமா?

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பதிலும், வெட்டிப் பார்ப்பதிலும் தீங்கில்லை. ஆனால் முன்பக்கக் கேமராவில் பல கைபேசிகள் தாமாகவே இயக்கி வைத்திருக்கும் 'பியூட்டி' வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். அது தோலை வெளுப்பாக்குகிறது, முகத்தை ஒடுக்குகிறது, மூக்கைச் சிறிதாக்குகிறது. தன் நிறத்தைப் பற்றி உறவினர் வீட்டு விசேஷங்களில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, கேமராவும் அதையே சொல்ல வேண்டாம்.

உடல் பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

சிறு குழந்தைக்குக் கழுத்து வாரைவிட மணிக்கட்டு வார் நல்லது. சறுக்குமரத்திலும் ஊஞ்சலிலும் கழுத்து வார் மாட்டி இறுக்கிவிடலாம். கண்ணால் பார்க்கும் துளையுள்ள கேமராவில், அதிலும் ஜூம் செய்து, சூரியனை நோக்கக் கூடாது, விழித்திரை பாதிக்கப்படும். பழைய ஃபிலிம் கேமராவையும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கேமராவையும் பிரித்துப் பார்க்க விடாதீர்கள். அவற்றின் ஃபிளாஷ் மின்தேக்கியில் முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தேங்கியிருக்கும். மின்கலத்தைக் கழற்றிய பிறகும் அது உதைக்கும். பொத்தான் மின்கலம் உள்ள எதுவும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு எட்டக் கூடாது.

கேமராவை எப்படிப் பாதுகாப்பது?

கடலோர ஊர்களில் ஈரக்காற்றால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். தோல் பையில் பூட்டி வைப்பதைவிட, காற்றுப்புகாத சமையலறை டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பது மேல். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது அதனினும் மேல்.

அச்சிடுவது அவசியமா?

மாதம் பத்துப் படங்களாவது அச்சிடுங்கள். ஸ்டூடியோவில் 'மேக்ஸி' என்றால் 4×6 அங்குலம் என்று புரிந்துகொள்வார்கள். கைபேசிப் படம் பொதுவாக நான்குக்கு மூன்று விகிதம், அந்தத் தாளோ மூன்றுக்கு இரண்டு. எனவே தாள் முழுவதும் நிரப்பி அச்சிடும்போது படத்தின் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். வெட்டுப்படுவது குழந்தைக்கு முக்கியமான பூனையின் வாலாக இருந்துவிடக் கூடாது என்பதால், ஓரத்தில் வெள்ளைவிட்டு முழுப்படத்தையும் அச்சிடச் சொல்லுங்கள். குழந்தையின் கண் உயரத்தில் சுவரில் ஒரு கயிறு கட்டித் துணி கிளிப்புகளால் தொங்கவிட்டால், மாற்றும் உரிமையும் அதன் கையிலேயே இருக்கும்.

ஆர்வம் திடீரென்று வடிந்துவிட்டால்?

விட்டுவிடுங்கள். 'இவ்வளவு செலவு செய்தோமே' என்று நினைவூட்ட வேண்டாம். மின்னேற்றிய கேமரா கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு புது நாய்க்குட்டியோ மழையோ வந்தால் திரும்ப எடுப்பார்கள். எடுக்காவிட்டாலும் குற்றமில்லை.

படங்களை எப்படிச் சேமிப்பது?

ஆண்டு, மாதம் என்று கோப்புறை பிரித்து, கணினியில் ஒரு பிரதி, தனி வன்தட்டில் ஒரு பிரதி என இரண்டு இடங்களில் வையுங்கள். நினைவட்டையில் மட்டும் விட்டுவைப்பது ஆபத்து. இடம் போதவில்லை என்று நீங்களாக எதையும் அழிக்காதீர்கள். மங்கல், வெறும் தரை என்று உங்களுக்குத் தோன்றுபவற்றையும் குழந்தையோடு உட்கார்ந்து, அது 'சரி' என்று சொன்ன பிறகே நீக்குங்கள். எழுதி வைத்த நோட்டை மழைநீர் புகாத அலமாரியில், அச்சுப்படங்களோடு சேர்த்து வைக்கலாம்.